லீவுக் காரணம்: கடல்

பெரட்டுக் களத்தில் பனி இன்னும் கலையவில்லை. வேலைக்குப் பேர் கொடுத்த மற்றவர்கள் கூடைகளோடு மலைக்கு ஏறிப் போய்விட, ஒன்பது பெண்கள் மட்டும் அங்கேயே நின்றார்கள். கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தொப்பியைச் சற்றுத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“என்னா, ஏதும் பிரச்சினையா?”

“பிரச்சினை இல்லீங்க ஐயா. லீவு வேணும். வர்ற மாசம் பத்து, பதினொண்ணு, பன்னெண்டு,” என்றாள் முன்னால் நின்ற ஜீவராணி.

“ஒம்பது பேருக்கும் ஒண்ணாவா? யாருக்குக் கல்யாணம்?”

“கல்யாணம் இல்லீங்க.”

“யாரு செத்தது?”

“யாரும் சாகலீங்க. கடலுக்குப் போறோம். நிலாவெளிக்கு.”

கண்டாக்கு ஐயா கையிலிருந்த புத்தகத்தை மூடினார். “திருகோணமலக் கோயிலுக்குன்னு சொல்லு.”

“கோயிலுக்கு இல்லீங்க ஐயா. கடலுக்கு. சும்மா.”

ஜீவராணிக்கு நாற்பத்தேழு வயது. கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபத்தொன்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். வலது முழங்காலில் வலி நிரந்தரமாகக் குடியேறிவிட்டதால் சற்றுச் சாய்ந்துதான் நடப்பாள். ஆனாலும் அவளுடைய வரிசையை யாரும் முந்தியதில்லை. அவள் மகள் கிருஷாந்தி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். கடலுக்குப் போகிற எண்ணம் பிறந்தது அந்த ஹோட்டலின் பின்வாசலில்தான்.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் சந்தைக்குப் போன ஜீவராணி, மகளின் வேலை முடியட்டும் என்று அங்கே காத்திருந்தாள். ஒரு பெரிய வேன் வந்து நின்றது. புத்தம் புதுக் கம்பளிச் சட்டைகளோடு ஒரு குடும்பம் இறங்கியது. தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை எல்லோரும் வாயால் ஊதி, புகை வருகிறதா என்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இவங்கல்லாம் என்னா வேலையா வந்திருக்காங்க?” என்று மகளிடம் கேட்டாள்.

“வேல ஒண்ணுமில்லம்மா. கடலோரத்து ஆளுங்க. நம்ம குளிரப் பாக்க வந்திருக்காங்க.”

“குளிரையா?”

“ஆமா. ரெண்டு நாளு இருப்பாங்க. சாப்பிடுவாங்க, தூங்குவாங்க, போட்டோ எடுப்பாங்க. போயிருவாங்க.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜீவராணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு யோசித்தபடியே வந்தாள். குளிரைப் பார்க்க அவர்கள் இவ்வளவு தூரம் மலையேறி வரலாம் என்றால், கடலைப் பார்க்க நாம் ஏன் இறங்கிப் போகக்கூடாது? இத்தனை வயதுக்கு அவள் கடலைப் பார்த்ததில்லை. தீவு ஒன்றில்தான் பிறந்து வளர்ந்தாள். ஆனால் அதன் விளிம்பு வரை அவள் போனதே இல்லை.

மறுநாள் மலையில் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தார்கள். மத்தியானம் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். வாரம் முடிவதற்குள் ஒன்பது பேர்.

இப்போது லீவுப் படிவத்தைக் கண்டாக்கு ஐயா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து லயத்து வீட்டுத் தெரேசா அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘கடல் பார்க்க’ என்று இருந்தது.

“இத நான் ஆப்பிசுக்கு அனுப்ப முடியாது, ஜீவராணி. கோயில்னு மாத்தி எழுதித் தாங்க. தொரை ஒரு வார்த்த கேக்க மாட்டாரு.”

அவர் சொன்னது உண்மை. கோயில் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் கோயில் என்று எழுதிவிட்டால் வீட்டு ஆண்களும் கிளம்புவார்கள். விரதம் இருக்க வேண்டும். போகிற இடத்திலும் அடுப்பு மூட்ட வேண்டும். ஒன்பது பேரில் தெரேசாவும் இன்னும் மூன்று பேரும் வேதக்காரர்கள், அவர்களுக்கு எந்தக் கோயிலை எழுதுவது? இதெல்லாம் ஜீவராணி யோசித்து வைத்திருந்த பதில்கள். வாயில் வந்தது வேறு.

“ஐயா, நாங்க எங்க கெளம்புனாலும் சாமிக்குத்தான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. நாங்களும் அப்பிடித்தான் போயிக்கிட்டு இருந்தோம். இந்த ஒரு தடவ எங்களுக்காகப் போறோம். பொய் எழுத மாட்டேன்.”

“அப்ப நீயே தொரைக்கிட்ட சொல்லு.”

சொன்னாள். ஒன்பது பேரும் வேலை முடிந்து, கால் கழுவி, ஆப்பிஸ் வாசலுக்குப் போனார்கள். தோட்ட மேலாளரான துரை சிங்களவர், நாற்பது வயதுக்காரர். வேலைக்கு வேண்டிய தமிழை வேலையிலேயே கற்றுக்கொண்டவர். படிவத்தை இரண்டு முறை வாசித்தார்.

“கடல் பாக்க? வேற ஒண்ணும் இல்ல?”

“வேற ஒண்ணும் இல்லீங்க தொரை. மே மாசம் கொழுந்து கொட்டுனப்ப நாலு ஞாயித்துக்கெழம நீங்க கூப்பிட்டீங்க. நாங்க ஒம்பது பேரும் வந்தோம். இப்ப கொழுந்து கொறஞ்ச நேரம். இப்ப நாங்க கேக்குறோம்.”

துரை கண்டாக்கைப் பார்த்தார். கண்டாக்கு ஐயா சுவரில் தொங்கிய மழைக் கணக்குப் பலகையைப் பார்த்தார்.

“பொம்பள மட்டும் ஏன் போறது? வீட்டுக்காரங்க வேணாமா?”

“அவங்க வந்தா நாங்க சமைக்கணுங்க,” என்றாள் தெரேசா பின்னாலிருந்து.

துரை சிரித்துவிட்டார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். “என் ஊரு மாத்தறை. கடல் பக்கம்தான். அலை வர்ற நேரம் முதுகக் காட்ட வேணாம்,” என்றார்.

வெளியே வந்ததும் ஒன்பது பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். லயத்துக்குத் திரும்பும் வழியில் தெரேசா வேண்டுமென்றே பின்தங்கி, ஜீவராணியோடு சேர்ந்து நடந்தாள்.

“லீவு கெடச்சிருச்சு. நீ தண்ணியில எறங்குவியா?”

“பாக்கத்தானே போறேன்,” என்றாள் ஜீவராணி. அவள் குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது.

தெரேசாவுக்கு மட்டும்தான் அது தெரியும். பத்து வயதில், ஃபெக்டரிக்குத் தண்ணீர் எடுப்பதற்காக ஆற்றை மறித்துக் கட்டிய அணையில் ஜீவராணி வழுக்கி விழுந்தாள். கண்ணைத் திறந்தபோது பச்சை இருட்டு. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். துணி துவைத்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மா பாய்ந்து, முடியைப் பிடித்துத் தூக்கினாள். அன்றிலிருந்து ஜீவராணி ஆற்றில் இறங்கியதே இல்லை. வாளியில் மொண்டு ஊற்றித்தான் குளிப்பாள். முகத்தில் தண்ணீர் விழும்போது இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

கணவர் முத்துலிங்கம் ஃபெக்டரியில் வேலை செய்கிறவர். அவருக்கும் இது தெரியாது. அவருடைய கேள்வி வேறு. “கடல்ல அப்பிடி என்னா இருக்கு? தண்ணிதானே.”

“அதத்தான் பாக்கப் போறேன்,” என்றாள்.

பத்தாம் தேதி விடிவதற்கு முன்பே வேன் புறப்பட்டது. தங்கும் இடத்தைக் கிருஷாந்தி ஃபோனிலேயே ஏற்பாடு செய்திருந்தாள். இறம்பொடையில் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் வேன்காரர் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். “எறங்கலையா?” என்றார். “நேரா போங்கண்ணே,” என்று ஒன்பது குரல்களும் ஒன்றாகச் சொன்னதும் ஆளுக்கு ஆள் சிரித்துக்கொண்டார்கள். கண்டியில் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். தம்புள்ளையில் தலைத் துணியைக் கழற்றினார்கள். ஹபரணையைத் தாண்டியபோது தெரேசாவின் மருமகள் ஷெரோமி, இருபத்து நாலு வயதுப் பெண், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “காத்து சுடுதே,” என்று ஆச்சரியப்பட்டாள். மலையே இல்லாத நிலம் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. இவ்வளவு வானத்தை அவர்கள் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை.

நிலாவெளியில் தங்குமிடத்துக்காரப் பெண்மணி சாவியைக் கொடுத்துக்கொண்டே, “கோணேசர் கோயிலுக்கு வந்தனீங்களோ?” என்று கேட்டார்.

“இல்லீங்க. சும்மா வந்தோம்,” என்றாள் ஜீவராணி. அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு ருசியாக இருந்தது.

பைகளை அறையில் போட்டுவிட்டுப் பனைமரங்களுக்கு நடுவே ஓடிய மணல் பாதையில் போனார்கள். பாதை சின்ன மேட்டில் ஏறி இறங்கியது. மேட்டின் உச்சியில் முன்னால் போனவள் நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

கரையருகே கண்ணாடிபோல் வெளிறி, கொஞ்சம் தள்ளிப் பச்சையாகி, அதற்கப்பால் கரும்நீலமாகி, கடல் போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் அது ஒரு மலையில் மோதவில்லை. தூரத்தில் பாறையும் மரமுமாக ஒரு சின்னத் தீவு. தெரேசா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “வேண்டுதல் கெடையாதுன்னோமே அத்தை,” என்றாள் ஷெரோமி. யாரோ முதலில் ஓடினார்கள். பிறகு எட்டுப் பேரும் செருப்புகளை உதறிவிட்டு ஓடினார்கள்.

ஜீவராணி ஓடவில்லை. மணலில் உட்கார்ந்து, அவர்கள் வீசிய செருப்புகளையும் ஃபோன்களையும் பக்கத்தில் சேர்த்து வைத்துக்கொண்டாள். சுரிதாரோடு இடுப்பளவில் நின்று அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை அள்ளி வீசினார்கள். அலை வந்தபோதெல்லாம் கூவினார்கள். அவளுக்குக் கடலைப் பிடித்திருந்தது. அதன் சத்தம் பிடித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு அலையும் மணலில் வழுக்கி அவள் பாதத்தை நோக்கி வந்தபோது, கால் தானாகவே பின்னால் இழுத்துக்கொண்டது.

ஷெரோமி சொட்டச் சொட்ட வந்து நின்றாள். “வாங்க சித்தி. நீங்கதானே எல்லாரையும் கூட்டிட்டு வந்தீங்க.”

ஜீவராணி வாயைத் திறப்பதற்குள் தண்ணீரில் நின்ற தெரேசா குரல் கொடுத்தாள். “அவளுக்குக் காலு வலி. விடு புள்ள.”

தெரேசா அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் ஜீவராணிக்கு அது எங்கேயோ தைத்தது. சற்றுப் பொறுத்து முத்துலிங்கம் ஃபோனில் வந்தார்.

“என்னா, எறங்கியாச்சா? உப்பாத்தான் இருக்கா?”

“ஆமா. உப்புத்தான்,” என்றாள்.

ஃபோனை வைத்த பிறகு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்டாக்கு ஐயாவுக்கு முன்னால் பொய் எழுத மாட்டேன் என்று நின்றவள், இங்கே ஒரு நாளுக்குள் இரண்டு பொய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தன்மீதே கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, செருப்புக்குக் காவல் இருக்கவா?

காலையில் மற்றவர்கள் எழுவதற்குள் அவள் தனியாகக் கரைக்கு வந்தாள். கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. ஈர மணல் வரைக்கும் போய் நின்றாள். அலை வந்து கணுக்காலைச் சுற்றியது. வெதுவெதுப்பாக இருந்தது. அவள் பயந்திருந்த தண்ணீர் எப்போதும் சில்லென்று இருக்கும். இது இப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியிலிருந்து மணலைப் பறித்துக்கொண்டு போனது. அவள் தடுமாறி, அப்படியே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அடுத்த அலை மடியில் ஏறியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் எழுந்து ஓடவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு என்று சொன்னது போதாது. அது கசந்தது.

ஏழு மணிக்குத் தீவுக்குப் போகும் படகு தயாராக இருந்தது. படகுக்காரர் சுஜீவன் நிலாவெளியிலேயே பிறந்தவர், முப்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த சிரித்த முகம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்தார்.

“ஆருக்கும் நீந்தத் தெரியுமோ?”

ஒன்பது தலைகளும் இல்லை என்று ஆடின.

“பரவாயில்லை. சட்டை உங்களைத் தாங்கும். ஆருக்கும் பயம் இருக்குதோ? இருந்தா இப்பவே சொல்லுங்கோ, நான் அதுக்கு ஏத்த மாதிரி இருத்துவன்.”

தெரேசா ஜீவராணியைப் பார்த்தாள். ஜீவராணி கையைத் தூக்கினாள்.

“எனக்குங்க. சின்ன வயசுல அணையில விழுந்தேன். தண்ணின்னா எனக்குப் பயம். நேத்து கால் வலின்னு சொன்னது பொய்.”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்டாக்கையும் துரையையும் எதிர்த்து நின்று லீவு வாங்கித் தந்தவள், குளவிக்கூடு கலைந்த மலையில்கூடக் கடைசி ஆளாக இறங்குகிறவள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

“நீங்களா சித்தி?” என்றாள் ஷெரோமி. பிறகு தயக்கத்தோடு தன் கையையும் தூக்கினாள். “நேத்து இடுப்புக்கு மேல நான் போகவே இல்ல. எனக்குந்தான் பயம்.” இன்னொரு கை எழுந்தது. பிறகு இன்னும் நாலு கைகள். தெரேசாவின் கையும் அதில் இருந்தது.

“அப்ப சரி, எல்லாரும் ஒண்டுதான். ஏறுங்கோ,” என்றார் சுஜீவன். ஜீவராணியை நடுப்பலகையில் உட்கார வைத்தார். “தண்ணியப் பாராதைங்கோ அம்மா. தீவைப் பாருங்கோ. அது அசையாது.”

படகு முதல் அலையில் மூக்கைத் தூக்கியபோது ஜீவராணி தெரேசாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வளையல் வளைந்ததைத் தெரேசா பிறகுதான் கவனித்தாள். ஜீவராணி தீவைப் பார்த்தாள். அது பெரிதாகிக்கொண்டே வந்தது. பாறைகளில் வரிவரியாகப் படிந்த பறவை எச்சத்தின் வெள்ளை தெரிந்தது. மரங்கள் தனித்தனியாகப் பிரிந்தன. புறாக்கள் பாறை இடுக்கிலிருந்து கூட்டமாக எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அமர்ந்தன. இருபது நிமிடத்துக்குப் பிறகு படகு கரகரவென்று கரையில் உரசியது. இறங்கிப் பார்த்தால் அது மணலே இல்லை. விரல் விரலாக உடைந்த வெள்ளைப் பவளத் துண்டுகள், காலுக்கடியில் ஓட்டாஞ்சில்லுப் போலச் சலசலத்தன.

“வந்துட்டோம்,” என்றாள் ஜீவராணி. தீவுக்குள் ஒரு தீவு. இந்த இடத்தில் அவள் கால் வைத்திருக்கிறாள்.

சுஜீவன் ஆளுக்கொரு முகக்கண்ணாடியும் மூச்சு விடும் குழாயும் கொடுத்தார். “இதுக்குள்ள பவளப்பாறை இருக்குது. முழங்கால் தண்ணியில நிண்டு குனிஞ்சு பாத்தாலே மீன் தெரியும். பவளத்தில கால் வைக்கப்படாது, கையும் வைக்கப்படாது. வாயால மட்டும் மூச்சு விடுங்கோ.”

முதல் தடவை ஜீவராணி முகத்தை வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பழைய பச்சை இருட்டு திரும்பி வந்தது. உடனே தலையைத் தூக்கிவிட்டாள். இரண்டாவது தடவை குழாய்க்குள் தண்ணீர் போய் இருமினாள். கண்ணெல்லாம் எரிந்தது. மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். “போதும் ராணி,” என்றாள் தெரேசா.

“இரு.”

கரையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழுவி, மறுபடி மாட்டினாள். இந்த முறை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முகம் நீருக்குள் போனது. ஒரு மூச்சு. குழாய் வழியே காற்று சூடாக வந்தது. இன்னொரு மூச்சு. அணைக்குள் இருந்த இருட்டு இங்கே இல்லை. வெளிச்சம் தண்ணீரின் அடி வரைக்கும் போய் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், அவளுடைய இரண்டு பாதங்களுக்கு நடுவே, மஞ்சள் கோடு போட்ட ஒரு மீன் சாவகாசமாக நின்று அவளுடைய பெருவிரலைப் பார்த்தது.

சிரித்ததால் குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. துப்பினாள். மறுபடி குனிந்தாள்.

எப்போது கால் தரையைவிட்டு எழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜாக்கெட் தாங்கியது, உடம்பு தானாக நீளமாக மிதந்தது. முழங்கால் வலிக்கவில்லை. வலி குறைந்தது என்றில்லை, முழங்கால் இருப்பதே தெரியவில்லை. இருபத்தொன்பது வருடமாகக் கூடைக் கயிறு அழுத்திய உச்சந்தலையையும் கழுத்தையும் கடல் கையில் ஏந்திக்கொண்டது போலிருந்தது. சரிவில் கால் ஊன்றிக்கொள்ளாமல், எதையும் சுமக்காமல், அவள் உடம்பு இப்படி இருந்ததே கிடையாது. கீழே பவளம் மான்கொம்பு மான்கொம்பாகக் கிளைத்துக் கிடந்தது. பச்சையும் ஊதாவுமான பெரிய மீன்கள் அதை வாயால் கொறித்தன. நறுக் நறுக் என்ற அந்தச் சத்தம் தண்ணீருக்குள் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. தலையைத் தூக்கினால் காற்றின் இரைச்சல்; தாழ்த்தினால் மீன்கள் சாப்பிடும் சத்தம். இரண்டு உலகமும் ஒரு விரல் தடிப்புத் தண்ணீரால் பிரிந்திருந்தன.

தலையைத் தூக்கியபோது தெரேசாவும் ஷெரோமியும் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கையைக் கோத்துக்கொண்டு வட்டமாக முகத்தைக் கவிழ்த்திருந்தார்கள். குழாய்களின் வழியே ஒரே நேரத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. எல்லாம் சந்தோஷமாக இருந்தது.

சுஜீவன் ஒரு மிதவை வளையத்தோடு வந்தார். “அந்தப் பக்கம், ஆழம் தொடங்கிற இடத்தில சின்னச் சுறா வரும். ஆளை ஒண்டும் செய்யாது. பாக்கப் போறன், ஆர் வாறியள்?”

சுறா என்றதும் வட்டம் கலைந்து கரைப் பக்கம் நகர்ந்தது.

“நான் வர்றேன்,” என்றாள் ஜீவராணி.

தெரேசா குழாயை வாயிலிருந்து எடுத்தாள். “ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?”

“சும்மா பாத்துட்டு வந்துர்றேன்.”

வளையத்தைப் பிடித்துக்கொண்டு, சுஜீவன் இழுக்க, காலை ஆட்டிக்கொண்டே போனாள். பவளத்தின் விளிம்பில் தரை சரிந்து நீலத்துக்குள் இறங்கியது. அடி தெரியவில்லை. அவள் வளையத்தை இறுக்கிப் பிடித்தாள். அங்கே வெள்ளைக்காரத் தம்பதியர் இருவர் ஏற்கெனவே மிதந்தபடி கீழே தேடிக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரமாகத் தேடியும் ஒன்றும் தெரியவில்லை என்று சுஜீவனிடம் கையை விரித்தார்கள்.

ஜீவராணி முகத்தைக் கவிழ்த்தாள். அவசரப்படவில்லை. பச்சைக்குள் பச்சையைப் பிரித்து, பறிக்க வேண்டிய தளிரை மட்டும் கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. இப்போது நீலத்துக்குள் நீலத்தைப் பிரித்துப் பார்த்தது. பாறையின் நிழல் ஒன்று. அடுத்த நிழல் ஒன்று. மூன்றாவது நிழல் நகர்ந்தது.

கையை நீட்டிக் காட்டினாள். சாம்பல் நிற உடம்பு, முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டதுபோல் கறுப்பு. அது உடம்பை ஒரே ஒரு தரம் வளைத்தது, அவர்களுக்குக் கீழே ஓசையின்றிக் கடந்தது. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் சின்னதாக இன்னும் ஒன்று. ஜீவராணிக்கு மூச்சு சீராகப் போய் வந்தது. பயந்திருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது. மூன்றும் ஆழத்தில் கரைந்து மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

மேலே வந்ததும் வெள்ளைக்காரப் பெண் அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். ஜீவராணியும் உயர்த்தினாள்.

“நாப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தா நாலு பேர்தான் முதல் தரத்தில காணுவினம்,” என்றார் சுஜீவன். “உங்களுக்கு நல்ல கண் அம்மா. நீங்க என்ன வேலை?”

“கொழுந்து பறிக்கிறேன்,” என்றாள். “இப்ப லீவு.”

கரையில் எட்டுப் பேரும் நின்று காத்திருந்தார்கள்.

“பாத்தியா?” என்றாள் தெரேசா.

“மூணு.”

“பொய்.”

“நான் பொய் சொல்றத விட்டுட்டேன். அவரக் கேளு.”

சுஜீவன் மூன்று விரலைக் காட்டினார். பிறகு ஷெரோமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இன்னொரு வாட்டி போவீங்களாண்ணே? நானும் வர்றேன்,” என்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். கடைசியில் தெரேசாவும், ஜெபமாலையை ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டு, வரிசையில் சேர்ந்தாள். ஜீவராணி அவர்களோடு இரண்டாம் தடவையும் போனாள். இந்த முறை வளையத்தை அவள் பிடிக்கவில்லை. ஷெரோமிக்குக் கொடுத்துவிட்டாள்.

திரும்பும் நேரத்துக்குள் காற்று எழுந்திருந்தது. படகு காலையைவிட உயரமாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு அலைக்கும் உப்புத் தண்ணீர் எல்லோர் முகத்திலும் அடித்தது. சுஜீவன் நடுப்பலகையைக் காட்டினார். ஜீவராணி தலையை ஆட்டிவிட்டு மூக்குப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவளுடைய முடி அவிழ்ந்து பின்னால் பறந்தது. தெரேசா என்னவோ கத்திச் சொன்னாள், காற்றில் கேட்கவில்லை. ஜீவராணி இப்போது தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். அது தூக்குகிறபோது தன்னையும் தூக்குவதாகவும், இறக்குகிறபோது பத்திரமாக இறக்குவதாகவும் அவளுக்குப் பட்டது.

கரை நெருங்கியதும் சுஜீவன் என்ஜினை நிறுத்தினார். “கொஞ்சம் பொறுங்கோ, பொடியங்கள் வந்து படகை மணலுக்கு இழுப்பாங்கள். நனையாமல் இறங்கலாம்.”

ஜீவராணி பொறுக்கவில்லை. ஆழம் எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். நெஞ்சளவு என்றார். எழுந்து, மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல், கண்ணைத் திறந்தபடியே குதித்தாள். தண்ணீர் தலைக்கு மேல் மூடித் திறந்தது. மேலே வந்து முகத்தை வழித்துவிட்டுச் சிரித்தாள். பின்னாலிருந்து ஒரு அலை வந்தது. முதுகைக் காட்டாமல் அதை நோக்கித் திரும்பி நின்று, அது தன்னைத் தாண்டிப் போகவிட்டு, பிறகு சாய்ந்த நடையோடு, அவசரமே இல்லாமல், கரையை நோக்கி நடந்தாள்.

பின்னால் படகிலிருந்து ஒவ்வொருவராகக் குதிக்கும் சத்தம் கேட்டது.